சொந்த மெயில் சர்வர்: ஜிமெயிலுக்கு ஒண்ணு போகுது, ஒண்ணு திரும்பி வருது, உதவுங்க

செம்பூர்காரன்:
வணக்கம் மக்களே. மும்பை மாட்டுங்கால சின்ன டிரஸ்ட் ஒண்ணு, மொத்தமே 15 மெயில் ஐடி தான். இதுவரைக்கும் வெளில ஹோஸ்டிங், ஐடிக்கு இவ்வளவுன்னு மாசா மாசம் பில்லு, ரேட்டை ஏத்தினதும் செயலாளர் மாமா "ஆபீஸ்லயே ஒரு சர்வர் சும்மாதானே கிடக்கு"ன்னு ஆரம்பிச்சுட்டார். டெபியன் லினக்ஸ்ல போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை அனுப்பி வாங்கறது), டவ்காட் (வந்த மெயிலை வச்சு நமக்குக் காட்டறது) போட்டாச்சு. பிராட்பேண்ட்காரங்ககிட்ட ஸ்டாட்டிக் ஐபி (மாறாத அட்ரஸ்) வாங்கி, மெயில் போற வழியான போர்ட் 25 திறக்க வச்சு, இந்த ஐபி எந்தப் பேருக்குன்னு சொல்ற பிடிஆர் ரெக்கார்டும் போட வச்சாச்சு, அதுக்கு கஸ்டமர் கேர்ல தொங்கினது தனிக்கதை. எஸ்பிஎஃப் (நம்ம பேர்ல எந்த சர்வர் அனுப்பலாம்ங்கற லிஸ்ட்), டிகேஐஎம் (மெயில்ல போடற டிஜிட்டல் கையெழுத்து) ரெண்டும் இருக்கு. உள்ள வர்றது எல்லாம் பக்காவா வருது. வெளில போறப்ப தான், ஜிமெயில்ல ஒரே ஆளுக்கு காலைல போன மெயில் சாயந்திரம் 550-5.7.1ங்கற எரர் நம்பரோட பவுன்ஸ் ஆகுது (திரும்பி வருது), பிடிஆர் சரியில்லங்கற மாதிரி ஏதோ சொல்லுது. டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கற டிக் (dig) கமாண்ட் அடிச்சா பிடிஆர் ஒழுங்காத்தான் காட்டுது! ஸ்காலர்ஷிப் லெட்டர் போற சமயம் வேற, மண்டை காயுது.

தாராவி தம்பி:
15 ஐடிக்கு எதுக்கு ப்ரோ இந்த வம்பு? ஜூலை மழைல கரண்ட் போச்சுன்னா வர்ற மெயில் எல்லாம் கோவிந்தா தானே.

பழைய அட்மின்:
அப்படிலாம் கோவிந்தா ஆகாது தம்பி. நம்ம சர்வர் படுத்துட்டா அனுப்பற சர்வர் மெயிலை க்யூல வச்சுக்கிட்டு திரும்பத் திரும்ப ட்ரை பண்ணும், சாதாரணமா நாலஞ்சு நாள் தாங்கும். போஸ்ட்ஃபிக்ஸ்ல டீஃபால்ட்டே 5 நாள்.
செம்பூர்காரரே, லாக்ல போன மெயில் ஒண்ணு, பவுன்ஸ் ஆனது ஒண்ணு எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஜிமெயில் சர்வர் பேருக்குப் பின்னாடி சதுர அடைப்புக்குள்ள என்ன அட்ரஸ் இருக்கு?

செம்பூர்காரன்:
போனதுல 142ன்னு ஆரம்பிக்கற சாதா ஐபி. பவுன்ஸ் ஆனதுல 2404:6800ன்னு கோலன் கோலனா நீளமா போகுது. எல்லா பவுன்ஸும் அப்படித்தான் சார்!!

பழைய அட்மின்:
அதான் விஷயம், அது ஐபிவி6, புது மாதிரி நீள அட்ரஸ். சாதா ஐபிங்கறது பழைய ஐபிவி4. உங்க லைன்ல ரெண்டுமே வருது, எந்த வழியா போறதுன்னு போஸ்ட்ஃபிக்ஸ் தன் இஷ்டத்துக்கு எடுக்கும், அதான் ஒண்ணு போயி ஒண்ணு திரும்புது. நீங்க பிடிஆர் போட வச்சது ஐபிவி4க்கு மட்டும். டிக் அடிச்சுப் பார்த்ததும் அதைத்தான். ஐபிவி6க்கு பிடிஆர் போட வைக்கணும்னா மறுபடி கஸ்டமர் கேர், ஏன்னா அதை ஐபி யாருதோ அவங்க தான் போட முடியும். அதனால இப்போதைக்கு போஸ்ட்ஃபிக்ஸோட செட்டிங் ஃபைலான மெயின் டாட் சிஎஃப்ல ஐநெட் புரோட்டோகால்ஸ் (inet_protocols) வரியில ஆல்னு இருக்கறதை ஐபிவி4னு மாத்துங்க. ரீலோட் பண்ணா பத்தாது, போஸ்ட்ஃபிக்ஸை ஸ்டாப் பண்ணி ஸ்டார்ட் பண்ணணும், நிறைய பேர் இங்க தான் கோட்டை விடுறாங்க.
அப்படியே டிஎன்எஸ்ல (டொமைன் விவரம் எல்லாம் இருக்கற இடம்) பழைய ஹோஸ்டிங்கோட எஸ்பிஎஃப் வரி இன்னும் இருக்கான்னு பாருங்க. ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் தான், ரெண்டு இருந்தா ரெண்டுமே செல்லாது. 2024 பிப்ரவரிலேர்ந்து ஜிமெயில் சின்ன ஆளுங்களையும் விடறதில்ல, எஸ்பிஎஃப், டிகேஐஎம்ல ஒண்ணாவது வேணும், பிடிஆர் பேரும் ஐபியும் ரெண்டு பக்கமும் பொருந்தணும். ஒரு நாளைக்கு 5000க்கு மேல அனுப்பறவங்களுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெண்டும் வேணும், டிமார்க்கும் (அந்த செக்ல தேறாத மெயிலை என்ன பண்ணணும்னு சொல்ற ரெக்கார்டு) சேர்த்து.

செம்பூர்காரன்:
சார் கையைக் குடுங்க! மாத்தினதுலேர்ந்து ஒண்ணு கூட திரும்பல. பழைய எஸ்பிஎஃப் வரியும் இருந்துச்சு, தூக்கிட்டேன். பழைய மெயில் எல்லாம் ஐமேப்சிங்க்ங்கற காப்பி பண்ற டூல் வச்சு புது சர்வருக்கு இழுத்தாச்சு, ஹோஸ்டிங்கை எப்ப கட் பண்ணலாம்? மாமா இன்னைக்கேங்கறார்.

பழைய அட்மின்:
மாமாவை கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க. எம்எக்ஸ் (மெயில் எந்த சர்வருக்கு வரணும்னு சொல்ற ரெக்கார்டு) மாத்தி, டிடிஎல் (பழைய விவரத்தை மத்தவங்க ஞாபகம் வச்சுக்கற நேரம்) முடிஞ்சப்புறமும் ஏதோ ஒரு மூலைல ஒரு சர்வர் பழைய இடத்துக்கே அனுப்பிட்டு இருக்கும். கட்டின மாசம் முடியற வரைக்கும் விட்டுட்டு, கடைசியா ஒரு தடவை ஐமேப்சிங்க் ஓட்டுங்க, ஏற்கனவே வந்ததை விட்டுட்டு புதுசை மட்டும் தான் எடுக்கும்.

தாராவி தம்பி:
சரி, அந்த சர்வருக்கு பேக்கப் எங்க ப்ரோ?

செம்பூர்காரன்:
யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்ல தினமும் ராத்திரி போகுது. டிஸ்க்கும் அதே ரூம்ல தான் இருக்கு, அதை வேற இடத்துல வைக்கறது பத்தி மாமாகிட்ட இன்னும் பேசல.