ரில்கேயின் கடிதங்கள்: கப்பூஸின் பக்கத்தை அறிய உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். இராணுவப் பள்ளி மாணவரான ஃபிரான்ஸ் கப்பூஸ் தம் கவிதைகளை அனுப்பிக் கருத்துக் கேட்டதற்கு ஜெர்மன் மொழிக் கவிஞர் ரைனர் மரியா ரில்கே 1903 முதல் 1908 வரை எழுதிய பத்துக் கடிதங்களைப் படித்து வருகிறேன். எழுதாமல் உயிர்வாழ முடியுமா என்று இரவின் அமைதியில் உன்னையே கேட்டுக்கொள் என முதல் கடிதத்திலேயே சொன்ன ரில்கேக்கு அப்போது வயது 27தான் என்பது என்னை இன்னும் வியக்க வைக்கிறது. 1929இல் வந்த நூலில் ரில்கேயின் குரல் மட்டுமே இருந்தது. கப்பூஸின் கடிதங்கள் 2019இல்தான் ஜெர்மனில் அச்சேறின. அவற்றைப் படித்தவர்கள், குறிப்பாக விடைகளைத் தேடாமல் கேள்விகளோடு வாழச் சொல்லும் நான்காம் கடிதத்தை அந்த இளைஞர் எப்படி ஏற்றுக்கொண்டார் என்பதை விளக்க முடியுமா? தமிழாக்கம் ஏதேனும் இருந்தால் அதையும் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.