குற்றாலம் ஒரே நாள், வயசான அம்மாவும் ரெண்டு பசங்களும் கூட. எப்படி பிளான் பண்ணலாம்?

கவிதா_அம்பத்தூர்:
எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை பொதிகைல வந்து தென்காசில எறங்குறோம், அன்னிக்கு சாயங்காலமே அதே பொதிகைல சென்னை ரிட்டர்ன். நான், வீட்டுக்காரர், பசங்க (11, 6), எங்கம்மா. அம்மாவுக்கு 68, ரெண்டு முட்டியும் வலி, ஆனா சின்ன வயசுல தாத்தாவோட பேரருவில குளிச்ச கதைய இன்னும் சொல்லிட்டே இருப்பாங்க, அவங்களுக்காகத்தான் இந்த ட்ரிப்பே. 2024ல வெள்ளம் வந்த வீடியோ பாத்ததுலேர்ந்து எனக்கு உள்ளுக்குள்ள பயமாவும் இருக்கு. எந்த அருவி சரியா வரும், தென்காசில என்ன பாக்கலாம், தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

சாரல்காத்து_தென்காசி:
வாங்கம்மா, நல்ல சீசன்லதான் வாரீங்க. சனிக்கிழமைன்னா பத்து மணிக்கு மேல பேரருவில வரிசை நீண்டுரும், அதனால ஸ்டேஷன்ல எறங்குனதும் ரூம் கீம்னு அலையாம நேரா ஆட்டோ பிடிச்சு அருவிக்கு வந்துருங்க, அஞ்சு கிலோமீட்டர் சுமார்தான். பேரருவி அவ்ளோ உயரத்துலேர்ந்து விழுந்தும் நம்மளால அடியில நின்னு குளிக்க முடியுதுன்னா அதுக்குக் காரணம் பொங்குமாகடல்தான். பாதி உயரத்துல பாறைல ஒரு ஆழமான கெடங்கு, தண்ணி மொதல்ல அதுல விழுந்து வேகம் கொறஞ்சு பொங்கி வழிஞ்சுதான் கீழ வருது பாத்துக்கிடுங்க. பொம்பளைங்களுக்குத் தனி இடம் இருக்கு, அம்மாவ நடுவுல விடாம ஓரத்துல கம்பியப் பிடிச்சு நிக்கச் சொல்லுங்க, ஓரத்துல விழுற தண்ணியே அவங்களுக்குத் தாராளம். அருவிக்கு முன்னால இருக்குற பாதுகாப்பு வளைவ, அதாவது ஆர்ச்ச, தாண்டி தண்ணி விழுந்தா போலீஸ்காரங்க குளிக்க விட மாட்டாங்க, அப்போ கோவப்படாம புலியருவிக்குப் போயிருங்க, சின்ன அருவி, பசங்களுக்கு அதுதான் தோது. ஐந்தருவியும் நல்லாத்தான் இருக்கும் ஆனா சீசன் சனிக்கிழமை கூட்டத்துல ஆறு வயசுப் பிள்ளைய வச்சுட்டு நான் போக மாட்டேன். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எல்லாம் கோர்ட் தடை பண்ணிருக்கு, கொண்டு வராதீங்க, கீழ சிற்றாத்துத் தண்ணிய நம்பி வயக்காடு இருக்கு.

நெல்லை_மல்லிகா:
பயம் இருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அது இருக்கட்டும், நல்லதுதான். 2024 மே 17 பழைய குற்றாலம் அருவில எங்க ஊர்ப் பையன், 17 வயசு, அடிச்சுட்டுப் போயிட்டான். இன்னும் மனசு ஆறல. அது சீசன் கூட இல்ல, கோடை மழை. நாம நிக்குற எடத்துல வெயிலடிக்கும், மேல மலைல கொட்டுற மழை நமக்குத் தெரியாது, கொஞ்ச நேரத்துல தண்ணி வந்துரும். நாங்க ஒருதடவை ஐந்தருவில குளிச்சுட்டு இருக்கும்போது தண்ணி டீ கலர்ல மாறுச்சு, கூடவே சருகும் குச்சியும் வர ஆரம்பிச்சுது, விசில் ஊதுனாங்க, எல்லாரும் வெளிய வந்துட்டோம் ஆனா எங்க கொழுந்தன் துண்ட விட்டுட்டேன்னு திரும்பி உள்ள போனாரு. கைய பிடிச்சு இழுத்துட்டு வந்தோம். அதனால கலர் மாறுனாலே விசிலுக்குக் காத்திருக்காம வெளிய வந்துருங்க, துண்டு போனா போகட்டும். பெரிய பையன் கைய யாராவது ஒருத்தர் விடாம பிடிச்சிருக்கணும், சின்னவன விட பெரியவந்தான் ஓடுவான்.

கல்வெட்டுப்_பிரியன்:
அருவியோட நிறுத்திடாதீங்க ப்ளீஸ். குற்றாலநாதர் கோயில் அருவிக்குப் பக்கத்துலயே, சங்கு வடிவத்துல கட்டுனது. அங்கேர்ந்து கொஞ்ச தூரம் நடந்தா சித்திர சபை, நடராஜரோட அஞ்சு சபைல ஒண்ணு, இங்க அவர் சிலையா இல்லாம ஓவியமாவே இருக்காரு, சுவர் முழுக்க மூலிகை வண்ண ஓவியம். மத்தியானம் நடை சாத்திருவாங்க, அதுக்கு முன்னாடி போயிருங்க. தென்காசி காசி விசுவநாதர் கோயில்ல 15ம் நூற்றாண்டுல அதைக் கட்டுன பராக்கிரம பாண்டியன் ஒரு பாட்டு வெட்டி வச்சிருக்காரு, இந்தக் கோயிலுக்குப் பின்னால ஏதாவது குறை வந்தா அதைச் சரி பண்ணிக் காப்பாத்தப் போறவங்கள ஊரறிய இப்பவே பணியிறேன்னு. ஒரு ராஜா இன்னும் பொறக்காதவங்களக் கும்பிடுறாரு. அவர் பயந்த மாதிரியே ராஜகோபுரம் இடிஞ்சு ரொம்ப காலம் மொட்டையா நின்னுச்சு, ஊர் சேர்ந்து திரும்ப ஒம்பது நிலையும் எழுப்பி 1990ல கும்பாபிஷேகம் பண்ணாங்க. பசங்ககிட்ட இந்தக் கதையச் சொல்லி அண்ணாந்து பாக்க வைங்க. சாயங்காலம் செங்கோட்டைல ரயில் ஏறுங்க, பொதிகை கிளம்புறதே அங்கதான், போற வழில பிரானூர் பார்டர்ல பரோட்டாவும் பிச்சுப்போட்ட கோழியும் சாப்பிட்டுப் போயிரலாம்.

கவிதா_அம்பத்தூர்:
போயிட்டு வந்துட்டோம், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காலைல போனா தண்ணி ஆர்ச்சைத் தொட்டு விழுது, குளிக்க விடல. அம்மா மொகமே வாடிருச்சு. சாரல்காத்து சார் சொன்னபடி புலியருவிக்குப் போய் பசங்க ஆசை தீர ஆடுனாங்க, அப்புறம் சித்திர சபை. பெரியவன் ஒரு சுவர்கிட்டயே நின்னுட்டான், கூப்பிட்டா வரல. ரெண்டரை மணி போல பேரருவில திறந்துட்டாங்கன்னு ஆட்டோக்காரர் சொன்னதும் திரும்ப ஓடுனோம். கம்பியப் பிடிச்சுட்டு ஓரத்துல நின்னு அம்மா ஒரு பத்து நிமிஷம் தலைய நனைச்சாங்க, நான் பின்னாடி நின்னு பிடிச்சுட்டே இருந்தேன், அந்த சத்தத்துல அவங்க ஏதோ சொன்னாங்க எனக்குக் கேக்கல. வெளிய வந்து மங்குஸ்தான் வாங்கித் தின்னுட்டே தாத்தா அப்போ எந்தப் பாறைமேல துணி வச்சிருந்தாருன்னு காட்டுனாங்க. தென்காசி கோயிலுக்கு நேரம் பத்தல, ரயில்லேர்ந்து கோபுரத்தத் தேடிட்டு இருந்தான் பெரியவன். அதுக்காக மார்கழி லீவுல ஒரு நாள் தனியா வரணும், அப்போ அருவில தண்ணி எப்படி இருக்கும் சார்?