‘ராக்கெட் பாடி’க்குத் தமிழ்: வெற்றுக்கூடு? விடுகூடு?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய ராக்கெட்டின் மிச்சத்தைக் கிட்டே போய்ப் பார்த்த ஜப்பானின் ஆட்ராஸ்-ஜே விண்கலம் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 2009-இல் இபுகி செயற்கைக்கோளை ஏற்றிவிட்ட எச்-2ஏ ராக்கெட்டின் மேலடுக்கு இன்னும் மேலேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுமார் 11 மீட்டர் நீளம், 3 டன் எடை. ஒரு பேருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒரு சமிக்ஞையும் வராது. தரையிலிருந்து கணித்த உத்தேச இடத்தை நம்பிக் கிளம்பிய ஆட்ராஸ்-ஜே, கிட்டே போனதும் தன் கேமராக்களால் அதைக் கண்டுபிடித்து, 2024 நவம்பரில் 15 மீட்டர் வரை நெருங்கியது.

இந்தப் ‘பேருந்தை’ என்ன சொல்லி அழைப்பது? தடமறியும் பட்டியல்களில் இவற்றின் பெயருக்குப் பின்னால் ‘ஆர்/பி’ என்று இருக்கும். அதாவது ராக்கெட் பாடி. உடைந்த துண்டு என்றால் ‘டெப்’, அதாவது டெப்ரி. நாமோ இரண்டையும் ‘விண்வெளிக் குப்பை’ என்று ஒரே கூடையில் போடுகிறோம். 2001 டிசம்பரில் பிஎஸ்எல்வி-சி3-இன் நான்காம் அடுக்கு வெடித்து 300-க்கும் மேற்பட்ட துண்டுகளானது. எழுதிப் பார்த்தேன்: ‘குப்பை வெடித்துக் குப்பையானது.’ வீட்டில் சிரிக்கிறார்கள்.

‘ராக்கெட் உடல்’ என்றால் பிணவறை நினைவுதான் வருகிறது. ‘வெற்றுக்கூடு’ எப்படி? துண்டுகளுக்கு ‘உடைசில்லு’.

*

ஐயா,

‘கூடு’ அருமை. உயிர் போனால் மிஞ்சுவதையும் கூடு என்றுதானே சொல்கிறோம். ஆனால் ‘வெற்று’ வேண்டாம். சி3 அடுக்கு வெடித்ததே அது வெறுமையாக இல்லாததால்தான். தொட்டியில் எரிபொருள் மிச்சம் இருந்தது. தீபாவளிக்கு மறுநாள் வெடிக்காத பட்டாசு பொறுக்கிய எவருக்கும் இது புரியும். வேலை முடிந்ததும் மிச்சத்தை வெளியேற்றிவிடும் வழக்கத்தை இஸ்ரோ அதற்கு அப்புறம்தான் கொண்டுவந்தது.

‘விடுகூடு’ என்று வைக்கலாமே? வினைத்தொகை, விட்ட கூடு, விடுகின்ற கூடு, விடும் கூடு மூன்றும் அடங்கும். ‘சில்லு’ கணினிக்காரர்கள் கையில் இருக்கிறது, சண்டைக்கு வருவார்கள். ‘உடைதுண்டு’ போதும்.

*

சரி, விடுகூடு எனக்குச் சம்மதம். ஒரே ஒரு இடத்தில் இடறுகிறது. போயம்-3 இருந்ததே, 2024 ஜனவரியில் எக்ஸ்போசாட் செயற்கைக்கோளை விட்ட பிறகும் பிஎஸ்எல்வியின் அந்த நான்காம் அடுக்கு சோதனைக் கருவிகளைச் சுமந்து வேலை செய்தது. முன்னதாகவே 350 கி.மீ. உயரத்துக்கு இறக்கி, மிச்ச எரிபொருளையும் வெளியேற்றியிருந்தார்கள். மார்ச் 21-இல் பசிபிக் மேலே வளிமண்டலத்துக்குள் வந்துவிட்டது. அதை விடுகூடு என்றால் அநியாயம். வேலை செய்யும் வரை ‘அடுக்கு’, கைவிட்டபின் ‘விடுகூடு’ என்று கட்டுரையில் பிரித்து எழுதுகிறேன். மறுப்பிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அன்று அச்சுக்குப் போகிறது.