மருந்து உடம்புக்குள் வளருமா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் மருந்தியல் கல்லூரியில் அடுத்த மாதம் டிரக் மெட்டபாலிசம் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு. ஆய்வுச் சுருக்கங்களைத் தமிழிலும் கையேடாகப் போடுகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பாடநூல் சொல்லை எடுத்து 'மருந்து வளர்சிதைமாற்றம்' என்று எழுதியிருந்தேன். "மாத்திரை உடம்புக்குள் வளருமா மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. கல்லீரல் மருந்தை வளர்ப்பதில்லை. நீரில் எளிதாகக் கரையும்படி மாற்றி, சிறுநீர் வழியாகவோ பித்தத்தின் வழியாகவோ வெளியேற்றப் பார்க்கிறது. மருந்து மாறி உண்டாகும் பொருளான மெட்டபாலைட்டை 'வளர்சிதைமாற்றப்பொருள்' என்று எழுதினால் படத்தில் அம்புக்குறி மேல் அடங்கவில்லை. உதவுங்கள்.

— மதுரையிலிருந்து

> உதவுங்கள்

இலங்கைப் பாடநூல்களில் மெட்டபாலிசம் அனுசேபம், மெட்டபாலைட் அனுசேபப்பொருள். 'மருந்து அனுசேபம்' என்று போட்டால் வேலை முடிந்தது. வடசொல் என்று தள்ளிவிடாதீர்கள். இங்கே தமிழில் உயிரியல் படித்த பிள்ளைகளுக்கு இது பழகிய சொல்.

— யாழ்ப்பாணத்து மருத்துவர்

அனுசேபம் என்றால் மதுரை மாணவிக்கு ஒன்றும் புரியாது. நஞ்சுநீக்கம் என்று போட்டால் என்ன?

— கோவையிலிருந்து

கோவை ஐயாவுக்கு: ஆங்கிலத்திலும் அப்படித்தான் தொடங்கினார்கள். உயிர்வேதியியலாளர் ஆர்.டி. வில்லியம்ஸ் 1947-இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே நஞ்சுநீக்கம் இருக்கிறது. ஆனால் நடப்பது எப்போதும் அது அல்ல. பாராசிட்டமாலில் ஒரு சிறு பங்கு கல்லீரலைத் தாக்கும் பொருளாகவே மாறுகிறது. கல்லீரலில் உள்ள குளுட்டாதையோன் என்ற காப்புப் பொருள் இருக்கும்வரை அதைக் கட்டிப்போடும். அளவு மீறி விழுங்கினால் குளுட்டாதையோன் தீர்ந்து, கல்லீரல் செல்கள் சாகும். கோடீன் உள்ளே போய் மார்ஃபினாகிறது. வலியைப் பெரும்பாலும் அதுதான் தணிக்கிறது. இவற்றை நஞ்சுநீக்கம் என்று மாணவர்களுக்கு நான் எப்படிச் சொல்வேன்?

— மதுரை

அம்மா, விடை நன்னூலிலேயே இருக்கிறது. விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். நீங்கள் சொன்ன கோடீனில் மெத்தில் என்ற அணுத்தொகுதி ஒன்று கெட்டு (நீங்கி) மார்ஃபின் வருகிறது. வேறு மருந்துகளில் ஹைட்ராக்சில் என்ற அணுத்தொகுதி தோன்றுகிறது. அடுத்த கட்டத்தில் குளுக்குரோனிக் அமிலம் வந்து சேர்வது புணர்ச்சியேதான்: மருந்து நிலைமொழி, அமிலம் வருமொழி. ஆகவே மருந்துத் திரிபு, விளைவது திரிபொருள். அம்புக்குறி மேலும் அடங்கும்.

முதலில் குறளுக்குத்தான் போனேன். மருந்து அதிகாரத்தில் 'அருந்தியது அற்றது போற்றி உணின்' என்கிறார். அற்றது என்றால் செரித்தது. அதிலிருந்து 'அறல்' என்று ஆக்கலாமா என்று இரவெல்லாம் யோசித்தேன். சங்கப் பாட்டில் அறல் ஆற்றுக் கருமணல், கூந்தலுக்கு உவமை. அதனால் விட்டேன்.

இன்னொன்று. உங்கள் கருத்தரங்கு அறிவிப்பில் செனோபயாட்டிக் என்றும் வருகிறது, உடம்புக்கு அயலான வேதிப்பொருள் என்ற பொருளில். கிரேக்கத்தில் செனோஸ் அயலான், விருந்தினன் இரண்டும். தமிழில் விருந்துக்குப் புதுமை என்றும் பொருள். தொல்காப்பியச் செய்யுளியலில் புதிய யாப்பில் பாடுவது விருந்து. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்கிறோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்த மொழி இது. 'விருந்துப்பொருள்' என்று வைக்கலாம்.

— தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தஞ்சாவூர் ஐயா, விருந்துப்பொருள் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் கையேட்டில் அதைப் பார்ப்பவர் பாயசத்தைத்தான் நினைப்பார்.

திரிபுக்கும் எனக்குத் தயக்கம். நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பால் திரிந்துவிட்டது என்பது எல்லா வீட்டிலும் வழங்கும் பேச்சு. மருந்துத் திரிபு என்றால் கெட்டுப்போன மருந்து என்று கொண்டு வந்து நீட்டுவார்கள். ஒமைக்ரான் திரிபு என்று செய்திகளில் கேட்டதும் இன்னும் காதில் இருக்கிறது. மருந்துச் சிதைவு என்றால் பாட்டிலில் நாள்பட்டுக் கெடுவது. மருந்து மாற்றம் என்றால் டாக்டர் வேறு மாத்திரை எழுதியது.

பெயர் பொருந்த வேண்டும் என்று இவ்வளவு தவிக்க வேண்டுமா? கல்லீரலில் மருந்தை மாற்றும் நொதியான சைட்டோகுரோம் பி450-இன் பெயரைப் பாருங்கள். பி என்பது பிக்மென்ட், அதாவது நிறமி. கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் 450 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும். ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒமுராவும் சாட்டோவும் 1962-இல் வைத்த பெயர். அந்த நொதி மருந்தை என்ன செய்கிறது என்பதற்குப் பெயரில் தடயமே இல்லை. உலகம் முழுக்கப் புழங்குகிறார்கள். வளர்சிதைமாற்றமும் அப்படி இருந்துவிட்டுப் போகட்டும்.

— திருநெல்வேலி

நொதியை நாங்கள் நொதியம் என்போம். சரி, அதை இன்னொரு நாள் பேசலாம். பள்ளியில் படித்த சொல்லோடு தொடர்பு அறக் கூடாது என்பதால் நானும் வளர்சிதைமாற்றத்துக்குச் சம்மதிக்கிறேன். அனுசேபம் அடைப்புக்குள் வரட்டும்.

— யாழ்ப்பாணம்

அனைவருக்கும் நன்றி. அச்சகத்தில் இன்று மாலையே கேட்கிறார்கள். தலைப்பில் 'மருந்து வளர்சிதைமாற்றம் (அனுசேபம்)' என்றே போகிறது. படங்களில் மட்டும் 'விளைபொருள்' என்று சுருக்கிவிட்டேன்.

— மதுரை

விளைபொருள் எந்த வேதிவினைக்கும் பொது, அம்மா, நெல்லும் விளைபொருள்தான். மருந்து எதுவாக இருந்து எதுவானது என்பதை அது சொல்லவில்லை. முதல் படத்தின் அடியிலாவது 'திரிபொருள் என்றும் கூறலாம்' என்று ஒரு வரி சேருங்கள். அந்த மாணவி அதைப் பார்க்கட்டும்.

— தஞ்சாவூர்