14 மாதப் பிள்ளைக்கு ரத்தம் 8.2 பாயின்ட், நான் எங்கே தவறினேன்?

பாலக்கோடு அம்மா:
பத்து நாளாக என் மகன் வாசல் மண்ணைத் தின்கிறான். வாய்க்குள் விரலை விட்டால் செம்மண் வருகிறது. நேற்று ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பார்த்ததில் 8.2. டாக்டர் இரும்புச்சத்து சிரப் எழுதிவிட்டு, "பெத்தவ நீ என்னம்மா பண்ணிட்டிருந்தே?" என்று கேட்டார். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

விடிவதற்குள் தக்காளி பறிக்கப் போய்விடுவேன். வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. பிள்ளை அத்தையிடம்தான். பசும்பால், டீயில் நனைத்த ரஸ்க், மத்தியானம் ராகிக் களியைக் கரைத்துக் கொஞ்சம். கீரை கொடுத்தால் பேதியாகும் என்று அத்தை விடுவதில்லை. ராகியில் இரும்பு உண்டு என்றுதானே சொல்கிறார்கள்?

பென்னாகரம் டீச்சர்:
தங்கச்சி, 19 வருடமாகப் பால்வாடியில் இருக்கிறேன். இது உன் ஒருத்தி தவறு இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதம் வரையான குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அத்தனை தாய்மாருமா கவனிக்காமல் விட்டார்கள்?

வயிற்றிலிருந்து பிள்ளை கொண்டுவரும் இரும்பு ஆறு மாதம்போலத் தாங்கும். தாய்க்கே ரத்தம் இல்லையென்றால் அந்த இருப்பும் குறையும். நம் பக்கம் 18 முடிந்ததும் முடியாததுமாகக் கல்யாணம். மாசமாக இருக்கும்போதும் காட்டு வேலை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மருமகளுக்குச் சட்டியில் ஒட்டியிருப்பதுதான். ஆறு மாதம் கழித்துச் சாப்பாட்டில் இரும்பு சேரவேண்டிய நேரத்தில், கூலிக்காக அவள் வேலைக்குத் திரும்பிவிடுகிறாள். இதற்கெல்லாம் உன்னை மட்டும் கேள்வி கேட்டால் எப்படி?

பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு. டீ, இருக்கும் இரும்பையும் உடலில் சேரவிடாது. ராகியில் இரும்பு உண்டு, ஆனால் அதிலுள்ள வேறு சில சத்துகளே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டி அரைத்தால் அந்தப் பிடி கொஞ்சம் தளரும். மசித்த முட்டை, வாரத்தில் ஒரு நாள் நன்றாக வெந்த ஈரல் கொஞ்சம் கொடு. பருப்பும் கீரையும் மசித்துக் கொடுத்தால் இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்துவிடு.

அத்தையோடு சண்டை வேண்டாம். இங்கே ஒரு பாட்டியும் இப்படித்தான் கீரையைத் தொடவிடவில்லை. பேத்தியின் கீழ் இமையை இழுத்துக் காட்டினேன், பக்கத்துப் பிள்ளையுடையதையும் காட்டினேன். ஒன்று வெளுப்பு, ஒன்று சிவப்பு. ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மடியில் முருங்கைக்கீரையோடு வந்து நின்றார்.

ஓசூர் அப்பா:
மலம் கறுப்பாகப் போனால் பயந்துவிடாதீர்கள், சிரப்பால்தான். அது தெரியாமல் நாங்கள் ஐந்தே நாளில் நிறுத்திவிட்டோம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் தகரக் கொட்டகையில் இருந்தோம், கேட்க ஆள் இல்லை. மகளுக்கு ரத்தம் இன்னும் இறங்கிவிட்டது. மண் தின்கிறான் என்பதால் வயிற்றுப் பூச்சிக்கான மருந்து பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

பாலக்கோடு அம்மா:
அக்கா, அத்தைக்கு அளவுக்கோடு பார்க்கத் தெரியாது. பால்வாடியிலும் ஒரு சிரப் தருகிறார்களே, இரண்டும் கொடுக்கலாமா?

பென்னாகரம் டீச்சர்:
வேண்டாம். எங்களுடையது ரத்தசோகை வராமல் தடுக்க, வாரம் இருமுறை 1 மி.லி. உன் மகனுக்கு டாக்டர் எழுதிய அளவு மட்டும் போதும். சாயங்காலம் நீ வந்ததும் உன் கையாலேயே கொடு, பால் கொடுக்கும் நேரத்தில் வேண்டாம். பாட்டிலை உயரத்தில் வை. ஒரு மாதம் கழித்து ரத்தம் பார்த்துவிட்டு இங்கேயே எழுது, காத்திருப்பேன்.