முகம் எடுக்கும் பயிலரங்கு: திண்ணையிலும் கரையிலும் கவனிக்க வேண்டியவை

பயிலரங்கை நடத்துபவர் தொழிலாகவே முகப்படம் எடுக்கிற புகைப்படக் கலைஞர் என்றால், முதல் ஒரு மணி நேரம் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே விடமாட்டார். வந்தவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து மற்றவரைப் பத்து நிமிடம் பார்க்கச் சொல்வார். தலை எந்தப் பக்கம் சாய்கிறது, பேசாதபோது உதடு எப்படி இருக்கிறது, கையை எங்கே வைப்பதென்று எப்படித் தடுமாறுகிறார் என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். இதைத் தவிர்க்காதீர்கள்.

புதுச்சேரியில் வைசியாள் வீதி மாதிரி கிழக்கு மேற்காக ஓடும் தெரு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. வடக்குப் பார்த்த திண்ணையில் வெயில் நேராக விழாது. எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் இதமாக விழும். ஆனால் சித்திரை 10 வாக்கில் தொடங்கி ஆவணி முதல் வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். அந்த நாலு மாதமும் தெற்குப் பார்த்த திண்ணைதான். நிழல் விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே உட்காரவையுங்கள். விளிம்பிலேயே உட்கார்ந்தால் நெற்றி வெளுத்துப்போகும். சுவரோடு ஒட்டினால் கண்ணில் ஒளிப்புள்ளி விழாது, பார்வை செத்துக் கிடக்கும்.

கருத்த முகம், வெள்ளைச் சட்டை, சுண்ணாம்புச் சுவர் மூன்றும் சேர்ந்தால் கேமரா ஏமாறும். வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்த்து முகத்தை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +2/3 முதல் +1 வரை ஏற்றுங்கள். அப்புறம் கணினியில் தூக்கிக்கொள்ளலாம் என்று இருட்டாக எடுத்தால் நிழலில் பொரிப்பொரியாகப் புள்ளி வரும். முகத்தில் பவுடர் போடவே கூடாது, தோல் சாம்பல் பூத்துத் தெரியும்; வியர்வையைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமராவில் 50 எம்எம் லென்ஸ், லென்ஸ் துளை எஃப் 2.8, ஷட்டர் 1/200 வினாடி, ஆறடி தூரம். துளையை இன்னும் அகலமாக்கி எஃப் 1.8க்கு ஆசைப்பட்டால், முகம் திரும்பியிருக்கும்போது ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் வரலாம். மொபைல் என்றால் கிட்டே போகாதீர்கள், மூக்கு பெருத்துவிடும்; தள்ளி நின்று ஜூமை 2 எக்ஸில் வையுங்கள்.

* * *

திண்ணைக் கணக்கு கடலூர்க் கரையில் செல்லாது. சோனங்குப்பம், தேவனாம்பட்டினம் பக்கம் காலை வெயில் கடலிலிருந்து நேராகக் கண்ணில் அடிக்கும், எல்லோரும் கண்ணை இடுக்குவார்கள். முதுகைக் கடலுக்குக் காட்டி உட்காரவையுங்கள். மணலே கீழிருந்து வெளிச்சம் கொடுக்கும். போதாவிட்டால் மூன்றடி தெர்மாகோல் அட்டையை மடிக்குக் கீழே பிடிக்கலாம். மீன் ஏலம் நடக்கும்போது யாரையும் நிறுத்தக்கூடாது. பிழைப்பு அது. வலை பின்னுகிற நேரத்தில் போனால் கையும் முகமும் சேர்ந்தே படத்தில் வரும்.

உப்புக்காற்றில் லென்ஸ் மேல் மெல்லிய படலம் படியும். காய்ந்த துணியால் துடைத்தால் உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் காற்றடிக்கும் ரப்பர் பம்பால் ஊதுங்கள், பிறகு லென்ஸ் திரவம் ஒரு சொட்டு விட்ட துணியால் துடையுங்கள். ஏசி அறையிலிருந்து வந்தவுடன் பையைத் திறந்தால் லென்ஸ் வேர்த்துவிடும். அரை மணி நேரம் மூடியே வைத்திருங்கள்.

* * *

வெளிச்சத்தைவிட முக்கியமானது, எடுத்த படம் அன்றைக்கே அவர்கள் கைக்குப் போவது. "நான் போனப்புறம் மாலை போடறதுக்கா தம்பி?" என்று வயதானவர்கள் கேட்பதுண்டு. மழுப்பக்கூடாது. "ஆயா, இது உங்ககிட்டயே இருக்கட்டும், உங்களுக்குப் பிடிச்சிருந்தாதான் மத்தவங்களுக்குக் காட்டுவோம்" என்று சொல்லி, திரையில் காட்டி, அவர் வேண்டாம் என்றதை அவர் கண்முன்னே அழிக்க வேண்டும். அடுத்த படத்துக்கு அவரே முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்காருவார்.

சின்ன போட்டோ பிரிண்டரில் 6க்கு 4 அங்குலப் படம் வர ஒரு நிமிடம் ஆகும். மஞ்சள், மெஜந்தா, சயான் நீலம், மேல்பூச்சு என்று தாள் நாலு தடவை உள்ளே போய் வெளியே வரும். அப்போது ஒரு மணல் பொடி ஒட்டினாலும் படம் நெடுகக் கோடு விழும். கரையில் வைக்காதீர்கள், யார் வீட்டுக்குள்ளாவது கேட்டு வையுங்கள். பின்பக்கம் பெயரும் தேதியும் எழுத மார்க்கர்தான் சரி. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் கன்னத்தில் எழுத்து புடைத்துத் தெரியும்.