ஆராய்ச்சி நிலையம் உங்கள் பயிரைக் காப்பாற்றியிருக்கிறதா? நெல்லைச் சீமை அனுபவங்கள்

களக்காடு வாழை:

கையில் ஒரு காய்ந்த இலையோடு உரக்கடை வாசலில் நின்று "இதுக்கு ஒரு மருந்து குடுங்க" என்று கேட்பவர்களைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். வேளாண் பல்கலைக்கழகம், மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம், வேளாண் அறிவியல் நிலையம் என்று எங்கேயாவது உங்களுக்கு நேரடி அனுபவம் இருந்தால் எழுதுங்கள். நல்லதோ கெட்டதோ, நடந்ததை அப்படியே எழுதுங்கள். முதலில் நான் பார்த்தது.

எங்கள் பக்கம் ஏத்தன் (நேந்திரன்) வாழைதான் பிழைப்பு. சில வருடங்களுக்கு முன் பக்கத்து வயலில் நாலு மாதக் கன்றுகள் சில உயராமல் நின்றுவிட்டன. இலை குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாகக் கூடி நின்றது. உரக்கடையில் சத்துக் குறைவு என்று நுண்ணூட்டக் கலவை கொடுத்தார்கள். ஊற்றிப் பார்த்தார், தேறவில்லை. அந்த வாரம் வேளாண் கல்லூரியிலிருந்து நோயியல் பேராசிரியர் ஒருவர் வயலாய்வுக்கு வந்திருந்தார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். ஒரு இலையை வளைத்து, நடுநரம்பின் அடிப்பக்கத்தில் படிந்திருந்த வெண்மாவை விரலால் துடைத்துவிட்டு, வெயிலுக்கு எதிரே பிடித்தார். கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாக விட்டுவிட்டு நரம்போடு ஓடியது. "சத்துக் குறைவுல இது வராதுங்க. முடிக்கொத்து நோய், வைரஸ்" என்றார். அப்புறம் தண்டின் அடியில் மட்டையை உரித்தார். உள்ளே சாறு உறிஞ்சும் கருப்பு அசுவினிப் பூச்சி அடையாய் அப்பிக் கிடந்தது. சுற்றி எறும்பு.

மரத்தை உடனே வெட்டிப் போடத்தான் எல்லோருக்கும் கை துடித்தது. அவர் தடுத்துவிட்டார். முதலில் மருந்தடித்து அசுவினியைக் கொல்ல வேண்டும், பிறகுதான் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். மரத்தை முதலில் வெட்டினால் அது வாட வாட அசுவினி கிளம்பி அடுத்த வயலுக்குப் போய்விடுமாம். ஒரு தடவை வைரஸை உறிஞ்சிய அசுவினி சாகும்வரை பரப்பும். நோய்க்கு மருந்து கிடையாது. கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி என்ற மலைவாழையைக் கிட்டத்தட்டத் துடைத்துப் போட்டது இந்த நோய்தான்.

நம்ம ஆட்கள் கன்றைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். வைரஸ் உள்ளே போய் நோய் வெளியே தெரிய வாரக்கணக்கில் ஆகும் என்பதால், கொழுகொழுவென்று இருக்கும் கன்றும் நோயைச் சுமந்து வரலாம். அதனால்தான் திசு வளர்ப்புக் கன்றுகளுக்கு, தாய்மரத்தையே வைரஸ் சோதனை செய்து சான்று கொடுக்கும் திட்டத்தை மத்திய அரசின் உயிரி தொழில்நுட்பத் துறை 2006இல் கொண்டுவந்தது. வாழைக்கென்றே திருச்சியில் 1993இல் தொடங்கிய தேசிய ஆராய்ச்சி மையம் இந்தச் சோதனைகளில் முக்கியமான இடம். திசுக் கன்று வாங்குகிறவர்கள் சான்று இருக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று கூச்சப்படாதீர்கள்.

செங்கோட்டை தென்னை:

நல்ல இழை அண்ணாச்சி. நான் தென்னைக்காரி.

2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்ட சுருள் வெள்ளை ஈ இங்கே வந்தபோது தோப்பே கரி பூசினது மாதிரி ஆகிவிட்டது. பூச்சி ஓலையின் அடியில் இருந்து சாற்றை உறிஞ்சித் தேன் போல ஒன்றைக் கழிக்கும். அது கீழ் ஓலையில் விழுந்து, அதன் மேல் கரும்பூசணம் படரும். எங்கள் வீட்டில் உடனே விசைத்தெளிப்பான் வாடகைக்குச் சொல்லிவிட்டார்கள். வேளாண் அலுவலரம்மா வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். ஓலையைத் திருப்பி ஒரு கைலென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். வெள்ளை ஈயின் கூடுகளில் சிலதில் மேல்தோல் 'டி' எழுத்து மாதிரி பிளந்திருந்தது, சிலதில் ஊசி குத்தினது போல வட்டமான ஓட்டை. பிளவு இருந்தால் ஈ வெளியே வந்திருக்கிறது. வட்ட ஓட்டை என்றால் உள்ளே இருந்த ஈயைத் தின்றுவிட்டு என்கார்சியா என்ற குட்டிக் குளவி வெளியே வந்திருக்கிறது. எங்கள் தோப்பில் குளவி ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருந்தது. மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான்.

மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டச் சொன்னார்கள், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிக்கச் சொன்னார்கள். குளவி உள்ள ஓலைத் துண்டுகளை வெட்டி, அது இல்லாத மரங்களில் செருகிவிட்டோம். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்துக் காய்ச்சின கஞ்சி. வெயிலில் காய்ந்ததும் கரி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. இதில் எதற்குமே பெரிய செலவில்லை. பூச்சி அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது, ஆனால் காய்ப்பு மீண்டுவிட்டது.

இதைவிடப் பெரிய பயம் எங்களுக்கு வேர்வாடல். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 1882இலேயே கண்ட நோய். ஓலையின் கீற்றுகள் உள்பக்கமாக வளைந்து தொய்ந்துவிடும். இதற்குக் காரணமான பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரைக் கண்டுபிடிக்கவே ஏறக்குறைய நூறு வருடம் ஆயிற்று. காயங்குளத்தில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் நோய் முற்றிய தோப்புகளுக்கு நடுவே திடமாக நிற்கும் மரங்களைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து கல்பஸ்ரீ, கல்பரக்ஷா, கல்பசங்கரா என்று நோயைத் தாங்கும் ரகங்களைக் கொண்டுவந்தார்கள். தென்னை நட்டுக் காய்க்கவே வருடக்கணக்கு. ஒரு ரகத்தை உருவாக்க ஒரு மனிதரின் பாதி ஆயுள் போய்விடும். லாபம் பார்த்து நடத்தும் எந்தக் கம்பெனியும் இந்தப் பொறுமைக்கு வராது என்பது என் திடமான கருத்து.

மேலப்பாளையம் தம்பி:

எனக்குக் கசப்பான அனுபவம்தான். மிளகாயில் இலை சுருண்டு வந்தது. ஒரு ஆய்வகத்தில் மாதிரி கொடுத்தேன். முடிவு வருவதற்குள் பயிர் முடிந்துவிட்டது. ஆள் பற்றாக்குறை என்றார்கள். அங்கே இருந்த ஒருவர் பாவம், மூன்று பேர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறிவியல் இருக்கிறது, அது வயலுக்கு வந்து சேர ஆள் இல்லை. இதையும் யாராவது எழுத வேண்டும் அல்லவா?

களக்காடு வாழை:

நியாயமான ஆதங்கம் தம்பி. காலிப் பணியிடத்தை நிரப்பச் சொல்லி மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் நாமும் கேட்க வேண்டும். நெல்லுக்கு விலை கேட்கிற அளவுக்கு இதை நாம் கேட்பதே இல்லை.

மானூர் மக்காச்சோளம்:

மக்காச்சோளத்தில் படைப்புழு வந்த வருடத்தை எங்கள் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். 2018 மே மாதம் கர்நாடகா சிவமொக்காவில் அங்குள்ள வேளாண் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்கா வழியாக வந்த புழு என்று உறுதியானது. அந்த ராபிப் பருவத்திலேயே தமிழ்நாட்டு மானாவாரிக் காடுகளில் புகுந்துவிட்டது. அந்தப் பூச்சி ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் பறக்குமாம். மாநில எல்லையெல்லாம் அதற்கு எம்மாத்திரம்?

தலையில் தலைகீழ் 'ஒய்' குறி, வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி. இந்த இரண்டையும் பார்த்தால் அதுதான். குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சம் நிறைந்திருக்கும். வளர்ந்த புழு குருத்தின் அடியில் ஒளிந்துகொள்வதால் மேலாக அடிக்கிற மருந்து அதைத் தொடாது. முதல் வருடம் எங்கள் ஊரில் மருந்துக்குக் கொட்டின காசு கொஞ்சநஞ்சம் இல்லை.

அடுத்த பருவத்துக்குள் கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஒரு முறையைக் கொடுத்தது. கடைசி உழவில் வேப்பம் புண்ணாக்கு, விதை நேர்த்தி, வரப்போரம் தட்டைப்பயறு அல்லது எள் அல்லது சூரியகாந்தி, ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி (பெண் அந்துப்பூச்சியின் வாசனை வைத்து ஆணைப் பிடிப்பது), தேவைப்பட்டால் மட்டும் குருத்துக்குள் விழும்படி மருந்து, புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சை. வரப்பில் தட்டைப்பயறு பூத்தால் பொறிவண்டும் குளவியும் வந்து தங்கும் என்றார்கள். பார்த்தேன், வந்தது. பொறியில் எத்தனை அந்துப்பூச்சி விழுகிறது என்று எண்ணிப் பார்த்துத் தெளிக்கும் பழக்கம் எங்களுக்கு அதற்கு முன் கிடையாது. இப்போது எங்கள் தெருவில் பொடியன்கள்கூட எண்ணிச் சொல்கிறார்கள்.

தூத்துக்குடி துறைமுகம்:

விவசாயி இல்லை, சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் வேலை. மானூர் அண்ணாச்சி சொன்ன மாதிரி வெளிநாட்டுப் பூச்சி வந்தபிறகு படும் பாட்டை விட, வாசலிலேயே தடுக்கிற வேலை ஒன்று இங்கே நடக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

துறைமுகத்தில் மத்திய அரசின் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் முந்திரிக் கொட்டை, பருப்பு, மரத்தடி, எல்லாம் அவர்கள் பார்த்த பிறகுதான் வெளியே போகும். வந்த நாட்டின் தாவர நலச் சான்று, இறக்குமதி அனுமதி இரண்டும் வேண்டும். 2003ஆம் ஆண்டு உத்தரவில் எந்தப் பொருள் எந்த நாட்டிலிருந்து என்ன நிபந்தனையில் வரலாம் என்று பட்டியலே இருக்கிறது. இதற்கு அடிப்படையான சட்டம் 1914இல் வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. ஒரு தடவை பருப்பு மூட்டைக்குள் நீளமான குத்தூசியை விட்டு இழுத்து, தட்டில் கொட்டி, சல்லடையில் சலித்து, கீழே விழுந்த தூசியை அதிகாரி லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தார். அரிசி மணியை விடச் சின்ன வண்டு ஒன்று நடந்தது. அவ்வளவுதான், மொத்தச் சரக்கும் பூச்சியைக் கொல்லும் நச்சுப்புகை மூட்டத்துக்குப் போயிற்று. இறக்குமதியாளர் தலையில் கை வைத்தார். நாள் தாமதம், செலவு, எல்லாம் உண்மைதான். ஆனால் நம்ம ஊர் கிட்டங்கிகளுக்குள் அது போயிருந்தால் யார் கணக்குக் கொடுப்பது?

நம்ம சென்னா (நிலாவாரை) மூலிகை இலை வெளிநாட்டுக்கு ஏறும்போதும் இதே ஆட்கள் பார்த்துச் சான்று கொடுத்தால்தான் அங்கே இறங்கும்.

ராதாபுரம் பெரியவர்:

சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாத பழைய சங்கதி ஒன்று. எங்கள் தாத்தா சொல்லுவார், அவர் வாலிபத்தில் நம்ம தேரிக்காடு, தரிசு, ஊர்ப் புறம்போக்கு எல்லாம் சப்பாத்திக்கள்ளி. மாடு மேயாது, மனுசன் நுழைய முடியாது. வெட்டிப் போட்ட துண்டெல்லாம் வேர்விட்டு இரண்டாகும். 1926இல் சென்னை மாகாணத்தில் வேளாண் துறையார் இலங்கையிலிருந்து ஒரு பஞ்சுப்பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். நசுக்கினால் ரத்தம் மாதிரி சிவப்புச் சாறு வரும். அது கள்ளியைத் தவிர வேறெதையும் தொடாது. ஐந்தாறு வருடத்தில் கள்ளிக்காடு சரிந்தது. "வெட்ட முடியாததைப் பூச்சி தின்னுது" என்று ஊரே போய்ப் பார்த்ததாம்.

பப்பாளிக்கு வந்த மாவுப்பூச்சியும் இதே வகைதான். 2008இல் கோவையில் கண்டது, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடவில்லை. 2010இல் பெங்களூரில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிலையத்தார் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் குளவியை வரவழைத்து, பூட்டின அறையில் வைத்துச் சோதித்து, அப்புறம் வெளியே விட்டார்கள். எங்கள் வீட்டுக் கொல்லைப் பப்பாளியில் பஞ்சு மாதிரி அப்பியிருந்தது, மருந்தில்லாமலே போனதை நானே பார்த்தேன்.

அம்பை நெல்:

எங்கள் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சொல்லாமல் இந்த இழை முடியலாமா? 1937இலிருந்து இருக்கிறது. இட்லிக்கு எல்லோரும் தேடுகிற ஏ.எஸ்.டி. 16 நெல் ரகம் அங்கே பிறந்தது.

பிசானப் பருவ நெல்லில் மார்கழிப் பனி இறங்கினால் குலைநோய் பயம். இலையில் கண் மாதிரி புள்ளி, நடுவில் சாம்பல் நிறம். அங்கே கொண்டுபோய்க் காட்டியபோது விஞ்ஞானி மருந்துப் பெயர் எதுவும் சொல்வதற்கு முன் கேட்டது, "யூரியா எவ்வளவு போட்டீங்க?" தழைச்சத்து கூடினால் குலைநோய்க்குக் கொண்டாட்டம். மேலுரத்தைப் பிரித்துப் போடச் சொன்னார். அடுத்த பருவத்துக்கு விதையைக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி கலந்து ஊறப்போடச் சொன்னார். இப்போது எங்கள் மடையில் பாதிப்பேர் அப்படித்தான் விதைக்கிறார்கள்.

புளியங்குடி எலுமிச்சை:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு உதவி. எங்கள் எலுமிச்சையில் சில மரங்களில் மட்டும் இலை மஞ்சளாகிறது. ஒருவர் துத்தநாகக் குறைவு என்கிறார், ஒருவர் பச்சையாதல் என்ற பாக்டீரியா நோய் என்கிறார், மரத்தை வெட்டச் சொல்கிறார். யாரிடம் காட்டுவது, எப்படி எடுத்துப் போவது?

களக்காடு வாழை:

வெட்டிவிடாதீர்கள். முதலில் நீங்களே ஒன்று பார்க்கலாம். இலையை நடுநரம்போடு இரண்டாக மடித்துப் பாருங்கள். மஞ்சள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பொருந்தினால் பெரும்பாலும் சத்துக் குறைவு. ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி திட்டுத்திட்டாக இருந்தால் பச்சையாதல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம், சோதனைதான் சொல்லும். உங்களுக்குப் பக்கத்திலேயே வன்னிக்கோனேந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் எலுமிச்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

மாதிரி எடுக்கும்போது முழுக்கக் காய்ந்ததை எடுக்காதீர்கள், அதில் ஒன்றும் தெரியாது. நோய் தொடங்கிய கிளை, பாதி பாதித்தது, நல்ல மரத்தின் கிளை என்று மூன்றும் வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்து அழுகிவிடும், செய்தித்தாளில் சுற்றுங்கள். சல்லி வேரும் வேரடி மண்ணும் கொஞ்சம் தனியாக எடுங்கள், வேரைத் தாக்கும் நூற்புழு இருக்கிறதா என்று அதில்தான் பார்ப்பார்கள். பூச்சி கண்ணில் பட்டால் சின்னச் சீசாவில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். மரத்தின் வயது, கன்று வாங்கின இடம், கடைசியாக என்ன உரம், என்ன மருந்து என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள், கட்டாயம் கேட்பார்கள். காலையில் பறித்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள். உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களும் இதே கேள்வியோடுதான் இருப்பார்கள்.